படத்தில் இருந்த முந்திரி

முந்திரியார் எங்கள் அலுவலகத்தில் காலடி வைக்கும்வரை, எங்கள் மலையூர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. பொருளியலில் முதுகலை படித்தவன்; சிறுதானிய உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவன். எங்கள் சாமை உப்புமாப் பொட்டலத்தின்மேல் அச்சான ஒவ்வொரு சொல்லும் நான் எழுதியது. இந்த மரியாதையைக் குலைத்தவர் ஒரே ஒருவர். பொட்டலத்துப் படத்தைச் சத்திய வாக்காகக் கொண்ட மனிதர் பூமியில் அவர் ஒருவரே.

மிளகு விவசாயி. இயற்பெயர் ஊருக்கே மறந்துவிட்டது. முதலில் மளிகைக் கடையில் பாதாம்பால் பொடி வாங்கி, அங்கேயே பிரித்து வழக்கைத் தொடங்கினார்.

"படத்துல இருக்கற அம்மணி வராட்டிப் போகுதுங்க. மேல தூவுன குங்குமப்பூ எங்கீங்க?"

கடைக்காரர் கடையைச் சாத்திக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அடுத்த இலக்கு நாங்கள்.

எங்கள் படத்தில் வாழையிலை, உப்புமா, அதன்மேல் நெய்யில் வறுத்த முந்திரி. மனிதர் பொட்டலத்தை என் மேசைமேல் கொட்டிக் கையால் துழாவினார்.

"ஏனுங்க தலைவரே, முந்திரி?"

"அது பரிமாறுறதுக்கு ஒரு யோசனைங்க. முந்திரிய நீங்கதான் போட்டுக்கோணும்."

"யோசனை எனக்கே வருமுங்க. அதுக்கு எதுக்கு உங்க பொட்டலம்?"

எங்கள் பக்கத்தில் விருந்துக்கு அழைப்பவர் இன்னது சமைத்திருக்கிறேன் என்று சொல்லியே அழைப்பார். சொன்னது இலையில் இல்லாவிட்டால் விருந்தாளி எழுந்து கை கழுவிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். இந்த வழக்கத்தைக் காகிதப் பைக்குப் பொருத்திய மேதை இவர்!

"படத்தக் காட்டிக் கூப்புட்டீங்க. வந்துட்டேன். போடுங்க."

'படம் பரிமாறும் விதத்தைக் காட்ட மட்டுமே' என்று அடியில் அச்சிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடியை இரவல் வாங்கி வந்து வாசித்தார்.

"பெருசாக் கூப்புட்டுப்போட்டு, பொடி எழுத்துல வேண்டாங்கறீங்களாக்கும்?"

என் ஊழியர்கள் சிரித்தார்கள். என் எதிரிலேயே சிரித்தார்கள்!

பிறகு நாமக்கல்லிலிருந்து மொத்த வியாபாரி வந்தார். அவர் ஒப்பந்தம் செய்யாவிட்டால் சாமை மூட்டைகள் கிடங்கிலேயே கிடக்கும். என் வார்த்தையை நம்பி விதைத்தவர்கள் என் முகத்தில் விழிக்கமாட்டார்கள். இலை போட்டு உப்புமா பரிமாறினோம். வியாபாரி முதல் கவளத்தை எடுத்த வேளையில் முந்திரியார் நுழைந்தார். அடையாள அட்டை சோதிக்கும் அதிகாரியைப்போல் பொட்டலத்தை இலைக்கு அருகே பிடித்தார்.

"வாயில வெக்காதீங்க சாமி! உங்களுக்கும் முந்திரி இல்லீங்க."

வியாபாரி படத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து கை கழுவினார்.

"படத்த மாத்துங்க சார். அப்புறம் பேசிக்கலாம்."

அன்று எனக்கு ஏற்பட்ட கோபத்தை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. கடுஞ்சொற்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தலைவரே. ராகிக் களியும் கீரையும் இருக்குது. வேறொண்ணுமில்லீங்க. உக்காருங்க."

"நான் சாப்பிட வரல. உங்கள வையறதுக்கு வந்திருக்கேன்."

"வையுங்க. தின்னுபோட்டு வையுங்க."

தட்டு வந்தது. களி இருந்தது, கீரை இருந்தது. வேறொன்றும் இல்லை. சாப்பிட்டேன். பின்னர் முறைப்படி வைதேன். ஒரு சொல்லும் விடவில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நடுவில் இன்னொரு உருண்டை களி வாங்கிக்கொண்டதைச் சமாதானம் என்று யாரும் பொருள்கொள்ளலாகாது.

முந்திரி இல்லாத புதிய படத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முந்திரியாரிடம் தோற்றே தலைவர் படத்தை மாற்றினார் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். தவறு. அது சங்கத்தின் தீர்மானம், முன்மொழிந்தவன் நான். புதிய படத்தில் உப்புமா இருக்கும் தட்டை அவர் கொண்டுவந்து திணித்தார் என்பதும் பொய். அவர் வீட்டுக்குப் போய், நான் களி தின்ற அதே தட்டைக் கேட்டு வாங்கி வந்தவன் நான்.