வீரமலையின் கத்திக்குப் புனர்பூஜை

மனிதகுலம் கல்லைத் தீட்டிக் கத்தி செய்யக் கற்றுக்கொண்டபோது பாதி நாகரிகத்தைத்தான் அடைந்தது. மீதிப் பாதியைத் திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில், தங்கையனின் வெங்காய மண்டி மாடியில் அடைந்தது. நல்ல கத்தி எதையும் வெட்டாது என்ற பேருண்மை அங்கேதான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

அதைக் கண்டறிந்தது, 'திருச்சி – ஸ்ரீரங்கம் புராதன வயர்மேன் கத்தி அபிமானிகள் சங்கம்'. உலக யுத்தம் முடிந்து பட்டாளம் மூட்டை கட்டியபோது ஏலத்தில் விட்டுப்போன சீமை மடக்குக் கத்திகள் அப்போது ஊரில் நிறைய இருந்தன. ஒரு பக்கம் வயரின் தோலை உரிக்கும் அலகு, மறுபக்கம் திருகாணி முடுக்கும் திருப்புளி. கிராமம் கிராமமாக மின்சாரம் போய்க்கொண்டிருந்த காலம் அது. கம்பி இழுக்கும் வயர்மேன்கள் அந்தக் கத்திகளை இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் உபயோகித்து வந்தார்கள். அந்தக் கொடுமையைப் பொறுக்காத பெருமக்கள் கூடிச் சங்கம் அமைத்து, கத்திகளை ஒவ்வொன்றாக மீட்டு வந்தார்கள்.

தங்கையன் அந்தச் சங்கத்தின் தலைவர். வெங்காயத்தில் பணம் சேர்ந்ததும், பணம் உள்ளவனுக்கு ஒரு ரசனை வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். தபால்தலை சேர்க்கக் கண் சரியில்லை. சங்கீதம் கேட்டால் தூக்கம் வந்தது. கத்தியை மட்டும் விழித்துக்கொண்டே ரசிக்க முடிந்தது.

காரியதரிசி, ஸ்ரீரங்கம் அழகியமணவாள ஐயங்கார். ரயில்வே ஆபீசில் கோப்புகளை ஒத்திவைத்தே ஓய்வு பெற்றவர். ஒத்திவைப்பதில் அவருக்கு இருந்த ஞானம், அவசரப்படுகிறவர்களுக்கு எளிதில் வாய்க்காது.

கத்தியைச் சேகரிப்பது சங்கத்தில் முதல் படிதான். அதை 'மேம்படுத்துவது' அடுத்த படி. மரப்பிடியைக் கழற்றிவிட்டுச் சந்தனக் கட்டையோ தந்தமோ பொருத்த வேண்டும். திருப்புளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காது குடையும் வெள்ளிக் குச்சி வைக்க வேண்டும். கடைசியாக, வெல்வெட்டுத் துணியைக் கிழிக்காதபடி அலகின் கூர்மையை அரத்தால் ராவி மழுக்க வேண்டும். அப்படி மழுங்கிய கத்திக்குச் சங்கத்தில் 'அகிம்சா நிலை எய்தியது' என்று பெயர்.

இவ்வளவு இருந்தும் தங்கையனுக்கு ஒரு குறை. வருஷாந்திரப் போட்டியின் வெள்ளிக் கோப்பை இதுவரை அவர் கைக்கு வரவில்லை. கோப்பை தரக்கூடிய கத்தி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது மண்டிக்கு வழக்கமாக வரும் வயர்மேன் வீரமலையின் இடுப்பில் இருந்தது. பிடியெல்லாம் பொறி தெறித்துக் கருகிய அசல் சீமைக் கத்தி.

"இதை என்கிட்ட குடுத்துடேன், வீரமலை. உனக்கு வேற புதுசு வாங்கித் தரேன்" என்றார் தங்கையன், அவன் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தபோது.

"புதுசு ஆகாதுங்க முதலாளி. இப்ப வர்ற கத்தி அழுத்தினா மடங்கி நம்ம விரலையே நறுக்குது. பழசெல்லாம் உங்க சங்கத்துக்கு வந்துடுச்சு. இது ஒண்ணு போச்சுன்னா நான் பல்லாலதான் உரிக்கணும்."

"இதோட அருமை உனக்குத் தெரியலைப்பா."

"தெரியுங்க. இதுலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது."

தங்கையன் மனம் நெகிழ்ந்து போனார். என்ன அழகான வாசகம். கத்தியின் கீழே எழுதி வைக்கலாம்.

விஷயத்தைக் கேட்ட காரியதரிசி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தார். "விலைக்குத் தரமாட்டேங்கறானா? அப்ப விலை பேசப்படாது. பகவான்கிட்ட விட்டுடுவோம். ஆயுத பூஜை வரது. சங்கத்து பூஜையில அவன் கத்தியையும் ஏளப்பண்ணச் சொல்லுங்கோ. மத்ததை அடியேன் பாத்துக்கறேன்."

வீரமலைக்கு அழைப்புப் போனது. பெரிய மனிதர்கள் தன் கத்திக்கும் பூஜையில் இடம் தருகிறார்கள் என்றதும் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கத்தியைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டு வந்தான். சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டான். பூஜையில் வைத்த கருவியை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியில் புனர்பூஜை செய்து, கற்பூரம் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். ஊர் உலகத்து வழக்கம் அது.

மறுநாள் காலையில் வந்து நின்றான்.

"முதலாளி, கத்தியை எடுத்துக்கலாமுங்களா?"

"புனர்பூஜை ஆகலையேப்பா" என்றார் தங்கையன்.

"எப்பங்க ஆகும்?"

காரியதரிசி முன்னால் வந்தார். "அதுக்குத்தான் ஒரு உபகமிட்டி போட்டிருக்கு. நல்ல முகூர்த்தமா அமையணுமோல்லியோ?"

"எங்க வீட்டுல சூடம் காட்டினா முடிஞ்சுடுங்க, சாமி."

"அது உங்காத்து வழக்கம். சங்கத்துக்குன்னு ஒரு சம்பிரதாயம் இருக்கு."

வீரமலை இலையைப் பார்த்தான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கத்தி இருந்தது. பூஜையில் இருக்கும் பொருளை, கடவுள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது.

உபகமிட்டி கூடியது. ஒரு கூட்டத்தில் ராகுகாலம் குறுக்கிட்டது. மறு கூட்டத்தில் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. இன்னொரு கூட்டத்தில் எல்லாரும் வந்தார்கள், பஞ்சாங்கம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் வீரமலை வந்து கேட்டுவிட்டுப் போனான். இதற்கிடையில், பூஜையில் இருக்க வேண்டிய கத்தி, பூஜைக்கு இடைஞ்சல் இல்லாமல், பின்வாசல் வழியாகப் பெரிய கடைவீதி ஆசாரியிடம் போய்விட்டு வந்தது. கருகிய பிடி போய்ச் சந்தனப் பிடி வந்தது. பழைய தீக்காயங்கள் 'உழைப்பின் முத்திரை' என்று சங்கத்தாரால் போற்றப்பட்டவை. ஆனால் அவை ஒழுங்கில்லாமல் இருந்தன. ஆகவே சந்தனப் பிடியில், சூட்டுக்கோலால், சம இடைவெளி விட்டுப் புதிய உழைப்பின் முத்திரைகள் பதிக்கப்பட்டன.

ஒரு நாள் மண்டியில் பல்பு மாற்ற வந்த வீரமலை, உடைந்த சவர பிளேடால் வயரைச் சுரண்டிக்கொண்டிருப்பதைத் தங்கையன் பார்த்தார். அவன் இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது. தங்கையனுக்கு இரக்கம் வந்தது. உடனே காபி வாங்கிக் கொடுத்தார். இரக்கம் போய்விட்டது.

கீழே பழக்கடை வைத்திருந்த அப்துல் ரஹீம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணே, அவன் கத்தியைக் குடுத்துடலாமே. பாவம், கையைக் கிழிச்சுக்கிறான்."

"பாய், இதெல்லாம் கலை சம்பந்தப்பட்ட விஷயம்."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அவர் சாத்துக்குடி அடுக்கப் போனார்.

போட்டி நாள் வந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பட்டப்பகலே இருண்டிருந்தது. மண்டி மாடியில் வெல்வெட்டு விரித்து, அகிம்சா நிலை எய்திய கத்திகள் வரிசையாகப் பள்ளிகொண்டிருந்தன. தங்கையன் எழுந்து, "உழைப்பாளியின் கையும் கத்தியும்" என்ற தலைப்பில் பேச ஆரம்பித்தார். "உழைப்பாளி கையிலே கத்தி இருக்கும்போது..." என்ற இடத்தில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. கூரை ஒழுகி வயரில் தண்ணீர் இறங்கியிருந்தது.

வீரமலையைக் கூட்டி வந்தார்கள். அவன் மெயினை நிறுத்தினான். ஸ்டூலில் ஏறி, கருகிய வயரைத் தடவிப் பார்த்தான்.

"இந்த இடத்தை வெட்டி, தோலை உரிச்சு முறுக்கணுங்க. பிளேடு ஒடிஞ்சு போச்சு. யாராச்சும் ஒரு கத்தி குடுங்க."

ஜில்லாவிலேயே அதிகமான கத்திகள் இருந்த அறை அது.

ஒருவர் பெருந்தன்மையோடு தம்முடையதை நீட்டினார். விரித்தால் காதுக் குச்சி வந்தது. இன்னொருவர் கொடுக்க வந்து கையை இழுத்துக்கொண்டார். "அலகுல தசாவதாரம் செதுக்கியிருக்கு. மச்சாவதாரத்துல கீறல் விழுந்துடும்." மூன்றாவது கத்தியால் வீரமலை வயரைத் தேய்த்தான், வயர் பளபளப்பானதுதான் மிச்சம்.

"சீக்கிரம்ப்பா. பரிசளிப்பு இருக்கு" என்றார் தங்கையன்.

வீரமலை வயரை வாயில் வைத்துக் கடித்து இழுத்தான். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு எல்லாருக்கும் கேட்கிறாற்போல ஒரு சத்தம். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் செம்பை முறுக்கி முடித்தான். விளக்கு எரிந்தது. சபை கைதட்டியது.

அந்த வெளிச்சத்தில் காரியதரிசி முடிவை அறிவித்தார். முதல் பரிசு, தலைவர் தங்கையன் அவர்களின் சந்தனப் பிடிச் சீமைக் கத்திக்கு. வீரமலை ஸ்டூலிலிருந்து இறங்கி, வெல்வெட்டுக்கு அருகே போய் நின்றான்.

"முதலாளி, இது என்னோடதுங்களா?"

"அடையாளம் தெரியுதா? எப்படி ஆயிடுச்சு பாத்தியா."

அவன் கத்தியை எடுத்து, கையிலிருந்த வயர்த் துண்டில் வைத்து அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான்.

"வெட்ட மாட்டேங்குதுங்களே."

"அதுக்குத்தானே பரிசு" என்றார் தங்கையன், அன்பாக.

வீரமலை கத்தியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். புனர்பூஜை எப்போது என்று அவன் அன்று கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை.

தங்கையனுக்கு அதெல்லாம் கவனத்தில் ஏறவில்லை. அவர் ஸ்டூலுக்கு அடியில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். பாதிப் பல். அதன் ஒரு பக்கத்தில் செம்பின் நிறம் லேசாக ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"சாமி, இங்க பாருங்க. வயர்மேன் ஒருத்தன் கடைசியா உபயோகிச்ச அசல் கருவி. இன்னும் யாரும் மேம்படுத்தாதது."

"அபூர்வம்" என்றார் காரியதரிசி. "வெள்ளியில ஒரு பிடி போட்டுடுங்கோ."

"வீரமலை, இது உனக்கு இனிமே வேணுமா?"

வாயில் ரத்தம் நிறைந்துவிட்டதால், வீரமலை தலையை மட்டும் ஆட்டினான். அது வேண்டாம் என்றா, வேறு எதையாவது சொல்ல வந்தானா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அதற்குள் சத்தம் கேட்டு அப்துல் ரஹீம் மாடியேறி வந்துவிட்டார். கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். வீரமலையைச் சுவரோரமாக உட்கார வைத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லி, தம் தோள் துண்டாலேயே ரத்தத்தைத் துடைத்தார். பிறகு மடியிலிருந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"வச்சுக்க தம்பி. பழத்தை எவனும் கடிச்சுக்கூடத் தின்னுக்குவான்."

சங்கம் அன்றே அவசரக் கூட்டம் கூடி, அப்துல் ரஹீமுக்கு எதிராக ஒரு கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தது: சேகரிப்புக்கு வந்திருக்க வேண்டிய ஒரு கத்தியை, தொழிலாளி கையில் கொடுத்து வேலை செய்ய விட்டது கலைக்கு இழைத்த துரோகம்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உயர்ந்த கைகள் எல்லாம் அவ்வளவு சுத்தமாக இருந்தன. மாடியில் ரத்தம் பட்டிருந்தது ஒரு பழக்கடைக்காரர் கையில் மட்டும்தான்.