நாலு சக்கரம், நாலு எலுமிச்சம்பழம்

கனம் பொருந்திய கார் உரிமையாளர்களுக்கு முதலிலேயே ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். காரில் குறை என்று ஒன்று கிடையாது. சுபாங் ஜெயாவில் இருக்கும் எங்கள் கார் நிறுவனத்தில் பதினோரு வருஷமாக இதைச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

என் பெயர் திருச்செல்வம். பதவி, புகார் வகைப்படுத்தும் அதிகாரி. வருகிற புகார் 'மென்பொருள் குறை'யா, 'பயனாளர் பழக்க'மா என்று தீர்மானிப்பது என் பொறுப்பு. இதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. மழையில் வைப்பர் நின்றுவிடுகிறதா? மழையில் காரை வெளியே எடுத்தது பயனாளர் பழக்கம். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினால் கண்ணாடி தானாக இறங்குகிறதா? தான் கேட்கும் பாட்டை ஊரும் கேட்கட்டும் என்று கார் நினைக்கிறது. அதைக் குறை என்று எப்படி எழுதுவது? மேலிடம் நாள் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து இப்படியே ஒரு குறைகூட இல்லாமல் 497 நாள் ஓட்டிவிட்டேன். திங்கட்கிழமை ஐந்நூறு ஆனால் மூத்த அதிகாரி பதவி கிடைக்கும் என்று மேலிடம் வாக்குக் கொடுத்திருந்தது.

அந்தத் தைரியத்தில் ஊழியர் சலுகையில் எங்கள் கம்பெனியின் புதிய காரையே வாங்கினேன். சக்கரம் நாலு, கணினி அறுபத்து மூன்று. அவை ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்ளும். என்ன பேசுகின்றன என்று முழுக்கத் தெரிந்த ஒரே மனிதர் லோகன் என்ற பொறியாளர். அவர் வேலையை விட்டுவிட்டு பங்சாரில் தோசைக் கடை வைத்திருக்கிறார். காரை எடுக்கும்போது அறுபத்தொரு பக்க ஒப்பந்தம் ஒன்று திரையில் வந்தது. படிக்காமலே 'சம்மதம்' என்று அமுக்கினேன். அதில் பாதியை எழுதியவனே நான்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிள்ளான் கோயில் வாசலில் காருக்குப் பூஜை. பத்தொன்பது வருஷம் ஏர்கான் வேலை செய்யாத பழைய காரில் முகத்துக்கு விசிறிக்கொண்டே வந்த என் மனைவி தனலெட்சுமி, பட்டுச்சேலை கட்டி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கோயிலில் திருவிழா. ஏழு மணிக்கு அதே வாசல் வழியாகத் தேர் கிளம்ப வேண்டும். நாங்கள் போனது ஐந்தே முக்காலுக்கு. நேரம் தாராளமாக இருந்தது.

குருக்கள் மாலை போட்டார், பொட்டு வைத்தார், சூடம் காட்டினார், நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

"எடுங்க சார். பழம் நல்லா நசுங்கணும்."

எடுத்தேன். கார் நகரவில்லை. திரையில் அறிவிப்பு வந்தது: 'சக்கரங்களின் அருகே இனந்தெரியாத பொருள்கள் நான்கு. தங்கள் நலன் கருதி வாகனம் நகராது.'

"என்னங்க இது?" என்றாள் தனலெட்சுமி. "நம்ம பழைய காடி எத்தனை பழத்த நசுக்குச்சு! ஒரு வார்த்த பேசுச்சா?"

கோயில் செயலாளர் தம்புசாமி ஓடி வந்தார். பின்னால் தேரின் மணி கேட்டது.

"அண்ணே, தேர் வரணும். காடிய எடுங்க லா."

"பழம் இருக்குன்னு போக மாட்டேங்குது."

"அவ்ளோதானே?" குனிந்து நாலு பழத்தையும் எடுத்தார்.

கார் அலறியது. 'பொருள்கள் காணாமல் போயின. காரணம் தெரியும்வரை வாகனம் நகராது.'

பயந்துபோய்ப் பழங்களை மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தார். 'இனந்தெரியாத பொருள்கள் எட்டு' என்றது கார்.

தம்புசாமி நிமிர்ந்தார். "வெச்சாலும் போகாது, எடுத்தாலும் போகாது. எங்க கமிட்டிய விட மோசமா இருக்கே!"

தள்ளலாம் என்றால் பிரேக்கை விடுவிக்கும் அதிகாரம் கணினிக்குத்தான் உண்டு. லோகனுக்குப் போன் போட்டேன். "பார்சலா, இங்கேயே சாப்பிடவா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் வைத்துவிட்டார். ஆகவே சாதாரண மனிதனைப் போல எங்கள் கம்பெனியின் அவசர எண்ணுக்கே அழைத்தேன். எடுத்தது விஷ்ணுப்ரியா. என் மேசைக்கு எதிர் மேசையில் வேலை பார்க்கும் பெண்.

"அண்ணே, நீங்களா? மென்பொருள் குறைன்னா அரை மணி நேரத்துல ஆளு வருவாங்க. பயனாளர் பழக்கம்னா மூணு வேலை நாள் ஆகும்."

"தெரியும்மா. அந்த விதிய எழுதினதே நான்தான்."

"எதுன்னு வகைப்படுத்துற அதிகாரி சொல்லணும்ணே."

"அவர சீக்கிரம் சொல்லச் சொல்லு."

"நீங்கதாண்ணே அது."

என் போன் மணி அடித்தது. என் புகார் எனக்கே வந்து சேர்ந்திருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்.

தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "குறைன்னு அமுக்குங்க. அதானே நெசம்?"

"தனம், திங்கட்கிழம ஐந்நூறு நாளு..."

"சாமி வாசல்ல நிக்குது. அமுக்குங்க."

அமுக்கினேன். பயனாளர் பழக்கம். காரணம் எழுதாமல் அனுப்ப முடியாது. அதனால் 'பயனாளர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் சக்கரத்தின் அடியில் பழம் வைத்துள்ளார்' என்றும் எழுதினேன். அடுத்த நிமிஷமே எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தனலெட்சுமி அதை வாய்விட்டுப் படித்தாள். "மதிப்பிற்குரிய பயனாளரே, தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை என் மடியில் போட்டுவிட்டு இறங்கித் தேர்ப் பக்கம் போய்விட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் 497 நாள் பத்திரமாக இருந்தது.

கடைசியில் தேர் இழுக்க வந்த முப்பது பேர் சேர்ந்து காரை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். நான் உள்ளேதான் இருந்தேன். திரை பச்சையாக மின்னியது. 'மிக மென்மையான பயணம். ஓட்டுநருக்கு நூற்றுக்கு நூறு.'

திங்கட்கிழமை பதவி வந்தது, கைதட்டலும் கேக்கும் சேர்ந்து. கார் மூன்று வேலை நாள் கழித்து வீட்டுக்கு வந்தது. அதுவரை வீட்டில் நான் என்ன முறையிட்டாலும் ஒரே பதில்தான். "ரசத்துல உப்பு இல்லயே" என்றால், "பயனாளர் பழக்கம்" என்றாள் தனலெட்சுமி.

இதற்குள் எங்கள் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. எலுமிச்சம்பழம் என்றால் என்ன என்று காருக்கு மூவாயிரம் படம் காட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். கார் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது. நாலு பழம் இருந்தால் நகரலாம் என்று புரிந்துகொண்டது. பழம் இல்லாவிட்டால் நகரக்கூடாது என்றும் சேர்த்துப் புரிந்துகொண்டது.

புகார் குவியும் என்று பேனாவும் கையுமாகக் காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. விற்பனைப் பிரிவு இதற்குப் 'பாரம்பரிய வசதி' என்று பெயர் வைத்து இரண்டாயிரம் ரிங்கிட் கூட்டியது. குருக்கள் ஒன்று வாங்கினார். தம்புசாமியும் ஒன்று வாங்கினார். எங்கள் பக்கத்து வீட்டு மிஸ்டர் டான் ஆரஞ்சு வைத்துப் பார்த்தார். எடுபடாமல் எலுமிச்சைக்கு மாறிவிட்டார்.

தம்புசாமியைக் கோயிலில் பார்த்தபோது மனசு கேட்காமல் கேட்டேன். "தினமும் நாலு பழம் வைக்கிறது சிரமமா இல்லயா?"

"என்ன சிரமம் லா? பக்தியான காடி! பழகிப்போச்சு."

போன வாரம் இன்னொரு புதுப்பிப்பு வந்தது. காலையில் நாலு பழம் வைத்தும் கார் அசையவில்லை. 'ஐந்தாவது பழம் வைக்கப்படவில்லை. இடம்: ஸ்பேர் டயர்.' எங்கள் காரில் ஸ்பேர் டயரே கிடையாது. அந்தக் கணத்தில் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. போனை எடுத்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக 'மென்பொருள் குறை' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமி கைப்பையைத் திறந்தாள்.

"எதுக்குங்க அவ்ளோ தூரம் போறீங்க? பாசார்ல இப்ப அஞ்சஞ்சாத்தான் கட்டி விக்கிறாங்க" என்று ஒரு பழத்தை எடுத்து நீட்டினாள். "ஏர்கான் போடுங்க."

வாங்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் வைத்தேன். கார் கிளம்பியது.