டைட்டானிக்குக்கு அடித்த துக்க மணி

பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைப் போல ஆபத்தான வேலை வேறு கிடையாது. பெரியவர்கள் கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். பிள்ளைகள் எழுந்து போய் ஏதாவது செய்துவிடுவார்கள்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நாசரேத். நாங்கள் கடலைப் பார்ப்பது எப்போதாவது, அதுவும் கட்டுச்சோற்றோடு. என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமாரோ பாதிப் பேர் தோணியில் சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கப்பலைப் பற்றிச் சொல்லித்தரக் கிளம்பினேன் என்றால் என் துணிச்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா, டைட்டானிக் பற்றிய இங்கிலீஷ் படப்புத்தகங்கள் இரண்டு மூன்று வாங்கித் தந்திருந்தார். பனிமலையை அவ்வளவு அழகாக வரைந்திருந்தார்கள். செத்தவர்களைக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்திருந்தார்கள், குழந்தைகள் புத்தகம் இல்லையா? அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நானே தண்ணீரில் தத்தளித்துக் காட்டினேன். (சாக்பீஸ் டப்பா கவிழ்ந்தது தனிக்கதை.)

"பனிமலைன்னா ஐஸ் கம்பெனில மீனுக்குப் போடுதாவல்லா, அதா டீச்சர்?" என்றான் முன் பெஞ்சு சந்தியா. (அந்தக் கரையில் அது ஆண்பிள்ளைப் பெயர்.)

"அதேதான். மலையளவு இருக்கும்."

யோசித்துவிட்டு அடுத்ததைக் கேட்டான். "செத்தவியளுக்கு எந்தக் கோயில்ல மணி அடிச்சாவ?"

புத்தகங்களைப் புரட்டினேன். ஒன்றிலும் மணி இல்லை. "பாவம், நடுக்கடல்ல யார் அடிப்பா? நீங்க வேணா அடிங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு இடைவேளைக்கு அனுப்பினேன்.

அந்தக் கரையில் துக்க மணிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடலில் ஆள் போனால், சேதி உறுதியான பிறகுதான் அடிப்பார்கள். விட்டு விட்டு, இழுத்து இழுத்து. இது நாசரேத்துக்காரிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியும். நேராகக் கோயிலுக்குப் போய் முறை தப்பாமல் அடித்தார்கள். (மணி கேட்டதும் 'யாரோ பாவம்' என்று தலைகுனிந்து ஜெபம் வேறு பண்ணினேன்.)

ஜெபம் முடிந்து பார்த்தால் தெரு முழுக்கப் பெண்கள் ஓடுகிறார்கள். ஒருத்தி கையில் மாவு, ஒருத்தி இடுப்பில் பாதிக் குளிப்பில் பிள்ளை. யாரும் அழவில்லை. யார் பெயர் என்று தெரிந்தால்தானே அழ முடியும்? புத்தகமும் கையுமாக நானும் பின்னாலேயே ஓடினேன். பங்குச் சாமியார் செருப்புக்கூட இல்லாமல் வந்து நின்றார்.

"ஏலே, யாருக்குலே அடிக்கிய?"

சந்தியா கயிற்றை விடாமல் சொன்னான். "டைட்டானிக்குக்கு சாமி. டீச்சர்தான் அடிக்கச் சொன்னாவ."

"அது யாரு தோணி?" என்று ஒருத்தி கேட்டாள்.

அது வெள்ளைக்காரர் கப்பல், நாமெல்லாம் பிறப்பதற்கு முன்பே முங்கிப்போனது என்று நான் படத்தைக் காட்டி விளக்கினேன். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். மற்றவர்கள் என்னைத் திட்டிய திட்டில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை.

எல்லோரும் போன பிறகும் ரோசம்மா கோயில் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் மிக்கேல் போன தோணி இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. உடலும் இல்லை, சேதியும் இல்லை. அதனால் அவனுக்கு மணியும் இல்லை.

"எனக்குத்தான் சேதி வந்துட்டுன்னு ஓடியாந்தேன் டீச்சரம்மா. வந்திருந்தா அழுது முடிச்சிருப்பேன்" என்றாள். என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக் கப்பலைத் தடவிப் பார்த்தாள். "யாருன்னே தெரியாதவியளுக்கு அடிச்சாச்சு." கோபமே இல்லாமல் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மழைக்காலம் முடிந்ததும் ரோசம்மாவே சாமியாரிடம் போய், சேதி வராமலே மிக்கேலுக்கு மணி அடிக்கச் சொல்லிக் கேட்டாள். வழக்கமாக மணி அடிக்கும் கோயில்பிள்ளை கயிற்றைப் பிடித்தபோது தடுத்துவிட்டாள்.

"டீச்சர் வகுப்புப் பிள்ளையளே அடிக்கட்டும். அதுகதான் சேதிக்குக் காத்திருக்காம அடிச்சிதுக."

இன்றைக்கும் எங்காவது மணிச் சத்தம் கேட்டால் என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏளா, இது எந்தக் கப்பலுக்கு?" என்பார். எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு எல்லா மணியும் மிக்கேலின் தோணிக்கு அடிப்பதாகத்தான் கேட்கிறது.