கன்னத்துக்குள் முளைத்த மீசை

பெண் பார்க்க வந்தவர்களிடம் செத்துப்போன எதையும் காட்டக் கூடாது. முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கியில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். சாதாரண நுண்ணோக்கியில் மங்கலாகத் தெரியும் செல்லின் இழைகளை, இருட்டில் மினுங்கும் புள்ளிகளாகப் பதிவுசெய்து கணினியில் சேர்த்தால் துல்லியமாகத் தெரியும். பழகுவதற்கு என் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்லையே வைத்தேன். கருவி அசைவில்லாமல் நிலைக்கும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். (ஊருக்கு ரயில் பிடிக்கிற அவசரம். யார் காத்திருப்பது?)

அந்த ஞாயிறு, மொரப்பூரில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ஆராய்ச்சி செய்யட்டும் என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை. எனக்குப் பிடித்தும்விட்டது. அவர் அம்மாவை எப்படியாவது அசத்திவிட நினைத்து, லேப்டாப்பை டிவியில் இணைத்தேன். பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாத்தி ஹாலை இருட்டாக்கினேன். (ஆய்வகம் மாதிரியே இருக்க வேண்டுமாம்.)

கறுப்புத் திரையில் புள்ளிகள் மினுங்கின. கேசரி சாப்பிட்டவர்கள் ஸ்பூனை வைத்துவிட்டார்கள்.

"இது யாரோட செல்லுங்க?" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"என்னோடதுங்க. செத்துப்போச்சுங்க."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அதற்குள் புள்ளிகள் சேரத் தொடங்கிவிட்டன. முதலில் ஒரு புருவம். பிறகு தாடை. கடைசியாக அடர்த்தியாய் ஒரு மீசை. ரயிலில் வரும்போது பத்து தடவை பார்த்த பதிவுதான். அந்த முகத்தை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து டிவி அருகே போனார். அவர் கணவர் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையிடம் கேட்டார்.

"பொண்ணு உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?"

கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மினுங்கியது.

"சரிங்க," என்றார். வந்து உட்கார்ந்து கேசரியை முடித்தார். தேதி குறித்துவிட்டார்கள்.

மறுநாள் ஆய்வகத்தில் பயந்துகொண்டே பதிவைச் சோதித்தேன். நான் அவசரப்பட்டதில் செல் நகர்ந்து, இழைகள் இரட்டை இரட்டையாகப் பதிந்திருந்தன. அசைவைக் கணக்கிட்டுச் சரிசெய்ததும் மீசை மெலிந்து வெறும் இழையானது. முகம் போய்விட்டது. சொன்னால் கல்யாணமும் போய்விடும். (சொல்லவில்லை.) தாலி ஏறிய பிறகு கணவரிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன்.

ஆறு வருடமாக மாமனார் திதியன்று, திருத்தாத அந்தப் பழைய படத்தை அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்து, பொட்டிட்டு, வடை படைக்கிறார் அத்தை.

"மொதோ வடை உன் கன்னத்துக்குத்தான்," என்று கணவர் காதருகே முணுமுணுப்பார். சிரிப்பை அடக்கிக்கொண்டு விழுந்து கும்பிடுவேன். எழும்போது மட்டும் அந்தக் கண் பக்கம் பார்ப்பதில்லை.