ஒன்பதாம் நம்பர்ச் சட்டை

"என்ரை உடம்பிலை உயிர் இருக்குமட்டும் அந்தச் சட்டையை மயில்வாகனத்துக்கு விட்டுக்குடுக்கமாட்டன்!"

குசினி வாசலில் நின்று தயாபரன் சபதம் செய்தார். உள்ளே மனைவி நேசமலர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்கடை செத்தவீட்டண்டைக்கு வந்து எடுக்கச் சொல்லவோ?"

"பகிடி விடாதை நேசம். இது மானப்பிரச்சினை."

சமாதான காலத்தில் தர்மபுரத்து உதைபந்தாட்டக் கழகம் ஒரேயொரு முறை கிண்ணம் வென்றது. அப்போது கழகத்திடம் இருந்தது மொத்தமே பதினொரு சட்டை. ஒருவர் வெளியே வந்தால், அவருடைய சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகிறவர் போடவேண்டும். இறுதியாட்டத்தில் ஒன்பதாம் நம்பர்ச் சட்டையோடு முதல் கோல் அடித்தவர் மயில்வாகனம். கால் சுளுக்கி அவர் வெளியே வர, வேர்வை காயமுன்னம் அதே சட்டையை மாட்டிக்கொண்டு போய் வெற்றிக் கோல் அடித்தவர் தயாபரன். விசில் ஊதிய பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது கழகத்துக்குப் புதுக் கட்டடம். சட்டையைக் கண்ணாடிக்குள் வைத்துச் சுவரில் மாட்டப்போகிறார்கள். கீழே ஆருடைய பேரை எழுதுவது? கூட்டாளிகள் இரண்டு பேரும் கதைப்பதை விட்டுவிட்டார்கள். சந்தையில் கண்டால் ஒருவர் வெண்டிக்காயைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

"மயில்வாகனம் அண்ணையின்ரை கோல் இல்லாட்டி உங்கடை கோலாலை என்ன பிரயோசனம்?" என்றாள் நேசமலர்.

"வெல்ல வச்சது என்ரை கோல்!"

"அந்தச் சட்டைக்கு நம்பர் தைச்சது ஆர்?"

"நீதான். தையல் வகுப்பிலை. அதுக்கு?"

"இடம்பெயரேக்கை பிள்ளையை அதாலை சுத்திக்கொண்டு வந்தது ஆர்?"

"அதுவும் நீதான். அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. சட்டைக்குச் சண்டை பிடிக்கிற ரெண்டு பேரும் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

தயாபரன் அவளைச் சட்டை செய்யவில்லை. சட்டை செய்யக் கிளிநொச்சிக்குப் போனார்.

அங்கே ஒரு தையல்காரர் அச்சாக இன்னொன்று தைத்துக் கொடுத்தார். புதுச்சட்டை பளபளத்தது. கிணற்றடியில் வாளி நிறைய வெறுந்தேத்தண்ணி ஊற்றி அதை ஊறப்போட்டார். வேலியில் காயப்போட்டார். ஆடு வந்து கொலரைச் சப்பியது. "சப்பு, நல்லாச் சப்பு" என்று அதன் முதுகைத் தடவிவிட்டார். பின்னேரம் பார்த்தால், சட்டை அவரைவிடக் கிழண்டியிருந்தது.

"நேசம், யோசிச்சுப்போட்டன். சட்டையைக் கழகத்துக்கே குடுக்கப்போறன்."

"அட! எப்ப வந்தது இந்தப் பெரிய மனசு?"

"அது எப்பவும் இருந்தது. வெளியிலை காட்டுறேல்லை."

"தாங்கோ, அயன் பண்ணி பாக்கிலை வச்சு விடுறன்."

தேத்தண்ணிச் சட்டையைக் கொடுத்தார். அசல் சட்டை அலுமாரிக்குள், வேட்டிகளுக்கு அடியில் கிடந்தது.

திறப்பு விழாவன்று கழகச் செயலாளர் சுகிர்தன் ஒரு குண்டைப் போட்டான்.

"நம்பர் தைச்ச நேசமலர் அக்காவே பாத்துச் சொல்லட்டும், இது அந்தச் சட்டைதானோ எண்டு."

தயாபரன் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார். நேசமலர் சட்டையை விரித்தாள். ஒன்பதின் வாலை விரலால் தடவினாள்.

"ஓம். இது நான் தைச்சதுதான்."

தயாபரனுக்குப் போன மூச்சுத் திரும்பி வந்தது. அதற்குள் மயில்வாகனம் மகள் தனுஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"இடம்பெயர்ந்ததிலை எங்கடை வீட்டிலை ஒரு படம்கூட மிஞ்சேல்லை. நான் கோலடிச்சனான் எண்டால் இவள் சிரிப்பாள். இந்தா பார் பிள்ளை, இதுதான் அந்தச் சட்டை."

தனுஷா துணியை மெல்லத் தொட்டாள். "உண்மையாவே அடிச்சனீங்களோ அப்பா?"

"தயா மாமாட்டைக் கேள்."

எல்லோரும் தயாபரனைப் பார்த்தார்கள்.

"அடிச்சவர் பிள்ளை," என்றார். "மூலையிலையிருந்து அடிச்ச அடி. அது இல்லாட்டி என்ரை கோலுக்கு ஒரு மதிப்புமில்லை."

மயில்வாகனம் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "மச்சான், பெரிய நன்றியடா!"

அந்த நன்றி, மீன்முள்ளுப் போலத் தயாபரனின் தொண்டைக்குள் நின்றது. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

"நேசம், எனக்காகப் பொய் சொல்லிக் காப்பாத்தினாய். மறக்கமாட்டன். ஆனா அந்தப் பிள்ளை தொட்டது தேத்தண்ணிச் சட்டையை. நாளைக்கே உண்மையானதைக் கொண்டுபோய் மாத்தப்போறன்."

"நான் எங்கை பொய் சொன்னனான்?"

தயாபரன் அலுமாரியைத் திறந்தார். வேட்டிகளுக்கு அடியில் கையை விட்டார். வந்த சட்டையில் தேயிலை மணத்தது. கொலரில் ஆட்டின் பல்லடையாளம்.

"அயன் பண்ணேக்கை மாத்தினனான்," என்றாள் நேசமலர். "தேயிலைப் பேணி ஒரு தூளும் இல்லாமல் துடைச்சுக் கிடந்தால் எனக்கு விளங்காதோ?"

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் தனுஷாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. அது அசல் சட்டைதான்! ஏறிய கோபம் இறங்கி, கண்ணில் தண்ணியாக வந்தது. அவளைக் கும்பிடலாம் போல இருந்தது. கும்பிட்டே விட்டார்.

"சட்டைக்குக் கீழை ஆரின்ரை பேர் எழுதீனமாம்?"

"உங்கள் ரெண்டு பேற்றையும் ஒரே அளவிலை. தைச்ச ஆளின்ரை பேர் கொஞ்சம் பெரிசா. நான்தான் சொல்லிவிட்டனான்."

"நல்லது. அப்ப இந்தச் சட்டையை நான் வச்சிருக்கிறன்."

"வயலிலை வெருளி உடுப்பில்லாமல் நிக்குது. குருவி நெல்லைத் தின்னுது."

மறுநாள் காலை வெருளிக்கு ஒன்பதாம் நம்பரை மாட்டிவிட்டு, தயாபரன் பக்கத்தில் நின்று அழகு பார்த்தார். மயில்வாகனம் மோட்டச்சைக்கிளில் வந்தார். வேகத்தைக் குறைத்தார். வாயெல்லாம் பல்லாக, "என்ன மச்சான், சுகமோ?" என்று வெருளியிடம் கேட்டுவிட்டுப் போனார்.