துவாக்குடியில் வேர்வை ஒழிந்த கதை

சூரியனை ஜெயித்தவன் உலகத்திலேயே கிடையாது என்பார்கள். தப்பு. துவாக்குடியில் தகரக் கொட்டகை போட்டு பாய்லர் குழாய் செய்யும் முதலாளி ரெங்கராஜ் ஜெயித்தார். ஆயுதம் ஊசி. போர்க்களம், தொழிலாளிகளின் அக்குள்.

இந்தப் பெருமையில் கிரைண்டர் பிடிக்கும் பெரியண்ணனுக்கும் பங்குண்டு. "தலைக்கு மேல ஒரு ஃபேன் மாட்டுங்க மொதலாளி, மண்டை வேகுது" என்று சித்திரை வெயிலில் வாய் திறந்தவன் அவன்தான். அதே வாரம்தான், வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் அடுத்த மாதம் வருவதாகத் தகவல் வந்தது. போன தடவை வந்தவர்கள் தொப்பலான சட்டைகளைப் பார்த்து, "இங்கே ரொம்பச் சூடோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆர்டரும் கூடவே போயிற்று.

ரெங்கராஜ் யோசித்தார். ஸ்ரீரங்கத்து வீட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஆழமாக யோசித்தார். அவருடைய உள்ளங்கை வேர்வைக்குத் தென்னூர் டாக்டர் உமாமகேஸ்வரி ஊசி போட்டதில், கை பனையோலையாட்டம் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் ஞானம் பிறந்தது: குற்றவாளி வெயில் அல்ல, வேர்வை! அக்குள், நெற்றி, முதுகு என்று ஆளுங்களுக்கு நனைகிற இடத்திலெல்லாம் அதே ஊசி போட மொத்தமாக 'மருத்துவ நலத்திட்டம்' அறிவித்தார்.

"நான் ஃபேன் கேட்டேங்க" என்றான் பெரியண்ணன், தூக்கிய கையோடு.

"இது அதைவிட ஒசத்தி. கையை எறக்காதீங்க" என்றார் டாக்டர்.

"இனிமே வேர்க்காதுங்களா?"

"குத்தின எடத்துல வேர்க்காது."

"உள்ள எரியுதே, அது?"

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க."

ஒரு வாரத்தில் கொட்டகை முழுக்க உலர்ந்த மனிதர்கள். ஆனால் அங்கே ஒரு பழைய சட்டம் இருந்தது. ஃபோர்மேன் தாயுமானவன் ஆளைக் கை தூக்கச் சொல்வார். அக்குள் நனைந்திருந்தால் வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் நிழல். காய்ந்திருந்தால், "நீ இன்னும் வேலையே ஆரம்பிக்கலையே!" ஊசிக்குப் பிறகு ஒருவனும் வேலை ஆரம்பிக்கவில்லை. நிழலும் ஒருவனுக்கும் இல்லை.

ஆர்டர்காரர்கள் வரும் நாளன்று பெரியண்ணனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கிரைண்டரை அணைத்தான். அப்படியே சரிந்தான். தாயுமானவன் ஓடிவந்து, நாடியை விட்டுவிட்டு அக்குளைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சு கெடக்கு. நடிக்கிறான்."

இரும்புத்தூள் கூட்டிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி காளியாயி விளக்குமாற்றோடு வந்தாள். "நனைஞ்சாத்தான் விடுவீங்களோ?" என்றவள், குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் புருஷன் தலையில் கவிழ்த்தாள். பெரியண்ணன் கண் திறந்தான்.

தாயுமானவன் மறுபடி தொட்டுப் பார்த்தார். சட்டம் சட்டம்தானே. "இப்ப சரி. போ, பத்து நிமிஷம்."

அவ்வளவுதான். மெஷின்கள் நின்றன. வெல்டர் பெஞ்சமின் தலையில் ஒரு வாளி. தங்கையன் சட்டையோடு குழாயடியில் சம்மணம் போட்டுவிட்டான். கொட்டகை, காவிரிக்கரை அம்மா மண்டபத்து ஆடிப்பெருக்காக மாறியது. கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தாயுமானவனுக்குத் தொட்டு மாளவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோட்டும் சூட்டுமாக ஆர்டர்காரர்கள் நுழைந்தார்கள். சொட்டச் சொட்ட நின்ற கூட்டத்தைப் பார்த்தார்கள்.

"சூடெல்லாம் இல்லீங்க சார்" என்று ரெங்கராஜ் முந்திக்கொண்டார். "எங்க ஆளுங்க சுத்தம் பாக்கறவங்க. வேலைக்கு நடுவுல குளிப்பாங்க."

நெற்றியைத் துடைத்தபடி அவர்கள் வந்த காரிலேயே ஏறிவிட்டார்கள்.

"ஊசி போட்டும் எப்படிடா நனைஞ்சீங்க?" ரெங்கராஜ் கத்தினார்.

"தண்ணிங்க மொதலாளி" என்றாள் காளியாயி. "ஒரு ஃபேன மாட்டியிருந்தா இந்த ஆளு ஏன் விழப்போறாரு..."

"இரு, இரு. என்ன சொன்னே? தண்ணியா?" முதலாளி முகம் மலர்ந்தது.

மறுநாளே குழாய்க்குப் பூட்டு விழுந்தது.

கூலிக்காரன் பாடுபடுகிறான், பாடுபடுகிறான் என்று ஊரெல்லாம் பேசுகிறோம். ஒரு ஃபேன் மாட்டாமலிருக்க ஒரு முதலாளி எவ்வளவு பாடுபடுகிறார், அதைப் பேசத்தான் நாதியில்லை.