நான் படகு பார்த்த படலம்

வளைகுடா நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய சொந்த ஊர் எதுவென்று தெரிந்ததும் அவருக்கு ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். கும்பகோணத்துக்காரர் என்றால் விருந்துகளில் காபி போடும் பொறுப்பு அவருக்கு. காரைக்குடி என்றால் அடுப்படி. எங்கள் கட்டடத்தில் ஒரு சிவகாசிக்காரர் இருந்தார். பாவம், பட்டாசுச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். ஆனாலும் தேசிய தினத்தன்று வானத்தில் வாணம் பூத்தால், “இது எப்படிங்க இத்தனை கலர்ல வெடிக்குது?” என்று எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள்.

எனக்கு வாய்த்தது கடல். நான் கீழக்கரைக்காரி.

எங்கள் முன்னோர் கப்பல் வைத்திருந்தார்கள் என்று கேள்வி. எந்த முன்னோர், எந்தக் கப்பல் என்று யாரும் விளக்கியதில்லை. என் வாப்பா வளையல் கடை வைத்திருந்தவர். ராமேஸ்வரம் போகும்போது ரயில் பாம்பன் பாலத்தில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். நானோ படகில் கால் வைத்ததே இல்லை. (கரையில் நின்று மீன் வாங்கியிருக்கிறேன். அதுவும் பேரம் படியாமல் வெறுங்கையோடு திரும்பிய நாள்தான் அதிகம்.) ஆனால் கல்யாணமாகி பஹ்ரைனில் குதைபியாவுக்குக் குடிவந்த பிறகு, “எங்களது கப்பல்காரங்க குடும்பம்” என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது. முதல் வருடம் ஒரு கப்பலாக இருந்தது, பிறகு ஏழு கப்பலானது.

இதை நான் முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது என் மச்சியிடம். மச்சி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. துபாயில் இருப்பவர். தன் தம்பிக்கு அவர் வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். தம்பி என்னைக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து மச்சி என்னிடம் பேசும்போது பாதி வார்த்தைகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். பெருநாள் வாழ்த்துக்குப் போன் செய்தால், “ம்... தம்பிகிட்ட குடு” என்பதோடு சரி.

இந்தப் பனியை உருக்க வேண்டுமென்று என் வீட்டுக்காரர் சாகுலுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு கோடை. பிள்ளைகள் ஊரில் என் உம்மா வீட்டில் இருந்தார்கள். “நாம ரெண்டு பேரும், அக்காவும் மச்சானும், நாலு பேரா துருக்கி போவோம். ஹலால் சாப்பாட்டுக்குக் கவலை இல்ல. மலை, கடல் எல்லாம் பாத்துட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்” என்றார். துணிக்கடை வைத்திருப்பவர் அவர். எந்தக் கிழிசலையும் தைத்துவிடலாம் என்று நம்புவார்.

மச்சியின் வீட்டுக்காரர் ஜமால் காக்கா தங்கமான மனிதர். (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அவர் இளையான்குடிக்காரர். முதல்முறை நான் அப்படிக் கூப்பிட்டபோது வானத்தை அண்ணாந்து பார்த்தார்.)

நான்கு நாட்கள் நன்றாகத்தான் போயின. அந்தாலியாவிலிருந்து பஸ் பிடித்து ஒரு சின்னத் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தோம். மத்தியதரைக் கடல் அங்கே நீலச்சாயம் கரைத்த மாதிரி கிடந்தது. ஜமால் காக்கா படகில் போய்க் கரையோரம் முழுக்கப் பார்க்கலாம் என்றார். துறைமுகத்தில் ஏகப்பட்ட படகுகள், ஏகப்பட்ட கூவல்கள். எதில் போவது?

மச்சி கறுப்புக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “ஏழு கப்பல் வச்சிருந்த வீட்டுப் பொண்ணு கூட இருக்கு. அது சொல்லட்டும்.”

அந்த இடத்தில், “எனக்கு ஒன்றும் தெரியாது மச்சி” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் முந்தானையை இழுத்துச் சொருகாத குறையாகத் துறைமேடையில் இறங்கி நடந்தேன். முதல் படகின் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். (தர்பூசணிப் பழம் வாங்கும்போது தட்டுவேன். வேறு எதையும் தட்டிப் பழக்கமில்லை.) “மரம் சரியில்ல” என்றேன். அந்தப் படகு இரும்பு என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார்.

அடுத்தது கொள்ளையர் கப்பல் வேஷம் போட்ட பெரிய படகு. காது கிழியும் பாட்டு. “மண்டையோட்டுக் கொடி பறக்கிறதுல நான் ஏறமாட்டேன்” என்றார் மச்சி. அதற்கடுத்தது அடியில் கண்ணாடி பதித்தது. மீனெல்லாம் தெரியுமாம். “கீழ ஆழம் தெரிஞ்சா எனக்கு மயக்கம் வரும்” என்று ஜமால் காக்கா பின்வாங்கினார்.

கடைசியில் அதைக் கண்டேன். வெள்ளைப் படகு. பாட்டு இல்லை, கூவல் இல்லை, கொடி இல்லை. மரியாதையான மீசையோடு ஒரு கேப்டன். விளம்பரப் பலகையில் பைன் மரங்கள் சூழ்ந்த விரிகுடாக்களின் படம், கீழே ஜெர்மன் மொழியில் ஏதோ எழுத்து. ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் அமைதியாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். குடும்பத்தோடு போக இதைவிட என்ன வேண்டும்?

ஜூலி என்ற வழிகாட்டிப் பெண் சிரித்த முகமாக வந்தாள். அவள் ஆங்கிலம் எக்ஸ்பிரஸ் ரயில். என் ஆங்கிலம் மனாமா சந்தையில் பழகியது. என் வீட்டுக்காரர் பேச வாயெடுத்தார். “நீங்க இருங்க, நான் பாத்துக்கறேன்” என்று தடுத்துவிட்டேன்.

அவள் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல். “ஓப்பன் வாட்டர்?”

குடிக்கிற தண்ணீரைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். “நோ, நோ. பாட்டில் வாட்டர் ஒன்லி” என்றேன் கண்டிப்பாக.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பிறகு, “எக்ஸ்பீரியன்ஸ்?” என்றாள்.

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்! “மை ஃபேமிலி, ஃபோர் ஹண்ட்ரட் இயர்ஸ், சீ எக்ஸ்பீரியன்ஸ்!”

ஜூலி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மச்சி பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன். “ஃபாஸ்ட் ஆர் ஸ்லோ?” என்றாள் கடைசியாக. மச்சிக்கு அலுங்காமல் குலுங்காமல் காட்சி பார்க்க வேண்டுமே. “ஸ்லோ. வெரி வெரி ஸ்லோ” என்றேன்.

எங்களுக்கு ஆளுக்கொரு பிங்க் நிறத் தொப்பி கொடுத்தார்கள். பலூன் மாதிரி ரப்பர்.

“தொப்பி ஏன் ரப்பர்ல இருக்கு?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“கடல் காத்துக்குத் துணித் தொப்பி பறந்துடும்ங்க. இதுகூடத் தெரியாதா?”

ஜமால் காக்கா தன் வழுக்கையில் மாட்டிக்கொண்டார். பஞ்சுமிட்டாய் உருண்டை போலிருந்தார். மச்சியும் நானும் முக்காட்டுக்கு மேல் மாட்ட முயன்று, முடியாமல் மடியில் வைத்துக்கொண்டோம். ஜூலி வந்து எங்கள் புறங்கையில் கறுப்பு மையால் பெரிதாக எண் எழுதினாள். “நல்ல ஏற்பாடு. ஆள் தொலையமாட்டாங்க” என்றேன் நான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

படகு கிளம்பியது. சொல்லக் கூடாது, கண்கொள்ளாக் காட்சி. மலை நேராக வந்து கடலில் முழங்காலிட்டு நின்றது. பாறைக்கு அடியில் தண்ணீர் பச்சையாக, கொஞ்சம் தள்ளி நீலமாக, அதற்கும் அப்பால் மையாக. மச்சி கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல படகாத்தான் பாத்திருக்கே” என்றார். முழு வாக்கியம்! என் வீட்டுக்காரர் என் காலை மெதுவாகத் தட்டினார். நான் ஜெயித்துவிட்டேன்.

அப்போது என்ஜின் நின்றது.

பன்னிரண்டு வெள்ளைக்காரர்களும் எழுந்து சட்டையைக் கழற்றினார்கள். அக்குளில் வெண்ணெய் மாதிரி எதையோ அப்பிக்கொண்டார்கள். ஜமால் காக்கா சட்டென்று திரும்பி மலையை ரசிக்க ஆரம்பித்தார். அவர்களில் மஞ்சள் தொப்பி மாட்டியவர்கள் முதலில் குதித்தார்கள், தொப் தொப்பென்று. பிறகு ஜூலி எங்களைப் பார்த்துக் கைதட்டினாள். “பிங்க் கேப்ஸ்! யுவர் டர்ன்!”

“நம்மளை ஏன் கூப்பிடுறா?” என்றார் மச்சி.

“இது ஒரு ஸ்டாப் மச்சி. இறங்கிப் பாக்கச் சொல்றா.”

“எங்கே இறங்க? தரை எங்கே இருக்கு?”

நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜூலியிடம் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “நூரு, இது படகுச் சவாரி இல்ல. நீச்சல் சவாரி. ‘ஓப்பன் வாட்டர்’னா திறந்த கடல்ல நீந்துறது, பிங்க் தொப்பி மெதுவா நீந்துறவங்களுக்காம். அவங்க கரையோரமா நீந்திக்கிட்டே போவாங்க. படகு பின்னாடி காவலுக்குப் போகும். இந்த விரிகுடா முடிஞ்சா அடுத்தது. சாயங்காலம் வரைக்கும்.”

“கலாஸ், போதும். திரும்பிப் போகச் சொல்லுங்க.”

“ஆளுங்க தண்ணிக்குள்ள இருக்காங்க. அப்படியே விட்டுட்டா போறது?”

நாங்கள் நீந்தப் போவதில்லை என்பதை ஜூலிக்குப் புரியவைக்கச் சிறிது நேரமானது. நானூறு வருட அனுபவசாலியை அவள் வருத்தத்தோடு பார்த்தாள். முட்டியில் ஏதோ காயம் என்று நினைத்திருக்க வேண்டும்.

மனிதன் நீந்தும் வேகத்தில் ஒரு படகு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது போகாது, நின்ற இடத்திலேயே தொட்டில் ஆடும். இடப்பக்கம் ஒரு பாறை இருந்தது. பார்த்தேன். எதிரே ஒரு மரம் இருந்தது. பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது அதே பாறை, அதே மரம். காலையில் தின்ற ஆலிவ் காய்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பக்கத்தில் வாளி இல்லை, பை இல்லை. கையில் பிங்க் தொப்பி இருந்தது.

அதற்கு மேல் விவரம் வேண்டாம். ரப்பர் என்பதால் ஒழுகவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் நெற்றியை ஒரு கை தாங்கிப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் என்று நினைத்தேன். பார்த்தால் மச்சி. என் தொப்பி நிறைந்ததும் தன் தொப்பியை நீட்டினார். பிறகு பைக்குள்ளிருந்து பச்சைத் தைலத்தை எடுத்து என் மூக்கில் தடவினார்.

“ஏன்டி, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொன்னா நீங்க சிரிப்பீங்களே மச்சி.”

“இப்ப மட்டும்?” என்று ஆரம்பித்த மச்சி முடிக்கவில்லை. தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மலையில் பட்டுத் திரும்பி வருமளவுக்குச் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் என்னை ‘டி’ போட்டதும் அன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீரிலிருந்து ஓர் ஆளைத் தூக்கிப் போட்டார்கள். ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு ஜெர்மன்காரர். கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டதில் துடித்தார். மச்சி தைலத்தை ஜமால் காக்காவிடம் வீசினார். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? யல்லா, சீக்கிரம் தேய்ங்க!” காக்கா தேய்த்தார். உப்புத் தண்ணீரில் ஊறிய தோலில் அந்தத் தைலம் பட்டதும் ஜெர்மன்காரர் போட்ட கூச்சலில், முன்னால் போன மஞ்சள் தொப்பிகள் சுறா என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டன. ஆனால் சற்று நேரத்தில் அவர் காலை நீட்டி மடக்கி, எழுந்து நின்று, மச்சியைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

அவ்வளவுதான். ஒருவருக்குத் தோள், ஒருவருக்குக் கழுத்து, கேப்டனுக்கு இடுப்பு. வரிசை கட்டி உட்கார்ந்தார்கள். மச்சி கைகாட்டுவார், காக்கா தேய்ப்பார். மதியம் படகுக்காரர்கள் மீன் சுட்டார்கள். மச்சி ஹோட்டல் அறையில் ரகசியமாக ரைஸ் குக்கர் வைத்துக் கிண்டி எடுத்துவந்த தக்காளிச் சோற்றைத் திறந்தார். நீந்திக் களைத்தவர்கள் பசி எப்படிப்பட்டது என்று அன்று பார்த்தேன். எங்களுக்கு அடிப்பாகம்தான் மிஞ்சியது. எனக்கு அதுவும் இறங்கவில்லை.

கடைசி விரிகுடாவில் அலையே இல்லை. மச்சியும் நானும் படகின் ஏணிப்படியில் உட்கார்ந்து மத்தியதரைக் கடலில் கணுக்கால் வரை நனைத்தோம். தண்ணீர் ஜில்லென்றிருந்தது. ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பது எங்களுக்குள்.

கரை சேர்ந்ததும் ஜூலி எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தாள். எங்களுக்கும் சேர்த்து! அந்தக் கரையோர விரிகுடாக்களை நீந்திக் கடந்தவர் என்று எங்கள் பெயரே போட்டு. “நாங்க நீந்தலையே” என்றார் என் வீட்டுக்காரர். “கூட வந்தீங்களே” என்று சொல்லிவிட்டாள்.

மச்சி அதைச் சட்டம் போட்டுத் துபாய் வீட்டு ஹாலில் மாட்டினார். சில வருடங்களுக்கு முன் அவர் மகனுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களில் பெண்ணின் தாயார் அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டார். “நிஜமாவே நீந்தினீங்களா?”

மச்சி கண்ணைச் சிமிட்டவே இல்லை. “நான் சுமாராத்தான் நீந்துவேன். இந்தா, இவதான் முன்னால போனது” என்று, அந்தப் பேச்சுக்காக பஹ்ரைனிலிருந்து போயிருந்த என்னைக் காட்டினார். கல்யாணம் முடிந்தது. பேத்தியும் பிறந்து வளர்ந்துவிட்டாள். வருகிற விடுமுறைக்கு மச்சியும் நானுமாக இரண்டு பாட்டிகளும் தனக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமென்று உத்தரவு போட்டிருக்கிறாள்.

அதனால் இந்த வயதில் நான் பஹ்ரைனில் பெண்கள் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். மச்சி துபாயில் சேர்ந்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் தினமும் போன் வரும். இரண்டு வீட்டிலும் ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஆட்கள் காத்திருப்பார்கள்.

“என்னடி நூரு, இன்னைக்காவது குளத்து ஓரக் கம்பியை விட்டியா?”

“இல்ல மச்சி. நீங்க?”

“நானும் விடல.”